‘கூலி எம்புட்டுன்னு சொல்லவே இல்லையே!’

‘‘பிடிச்ச படம், படிச்ச புத்தகம், உங்க ஊரு... மூணையும் கலந்துகட்டி ஜாலியா ஒரு கட்டுரை எழுதிட்டு வாங்க!’’

ஆசிரியர் குழுவில் இருக்கும் அண்ணன் இப்படிச் சொன்னதும், ‘அவ்ளோதானே... தூள் கிளப்பிடலாம்’ என்று தலையாட்டிவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டேன். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில், டவுன் பஸ் நின்னு கிளம்புற ஒரு சின்ன கிராமம் எங்களுடையது. இறங்கியதும் முதல் ஆளாக வந்து வரவேற்றது... வேற யாரு, வெயில்தான்!

வீட்டுக்கு வந்து, எங்க ஏரியா எழுத்தாளர்கள், டைரக்டர்கள் லிஸ்ட்டை ஒரு பேப்பரில் எழுதிப் பார்த்தேன். பாதி எழுதும்போதே சிரிப்பு வந்துருச்சு.

விருதுநகர்க்காரர் வசந்தபாலன் 2006-ல் எடுத்த படத்துக்குப் பேர் ‘வெயில்’. மல்லாங்கிணறு கிராமத்தில் பிறந்த எஸ்.ராமகிருஷ்ணனின் சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்குப் பேர் ‘வெயிலைக் கொண்டு வாருங்கள்’. கரிசல்காட்டு ச.தமிழ்ச்செல்வன் எழுதிய கதை ‘வெயிலோடு போய்’. அதைத்தான் 2008-ல் இயக்குநர் சசி ‘பூ’ என்று படமாக்கினார். பக்கத்துக் கோவில்பட்டிச் சீமையின் பூமணி 1982-ல் எழுதிய நாவல் ‘வெக்கை’. அதுதான் 2019-ல் வெற்றிமாறனின் ‘அசுரன்’ ஆச்சு.

எங்க பக்கம் பேனாவைத் திறந்தாலே மையோடு சேர்ந்து வெயிலும் கொட்டும்போல!

லிஸ்ட்டை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அம்மா பட்டாசு ஆபீஸில் வேலை பார்க்கிறார். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டவர், ‘‘வெயிலடிச்சாத்தான தாயி நமக்குக் கூலி... பெறகு வேற எதைப் பேரா வைப்பாக?’’ என்றார்.

நான் நாலு பக்கம் எழுத நினைத்ததை ஒரே வரியில் முடிச்சுட்டாங்க!

வெயில்தான் முதலாளி!

அதென்ன ‘பட்டாசு ஆபீஸ்’? எங்க ஊரில் ஃபேக்டரி என்று யாரும் சொல்ல மாட்டோம். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ்... எல்லாமே ஆபீஸ்தான். முதல் வருஷம் ஹாஸ்டலில் ரூம்மேட் ஒருத்தி, ‘‘உங்கம்மா என்ன பண்றாங்க?’’ என்று கேட்டாள். ‘‘ஆபீஸ் போறாங்க’’ என்றேன். ‘‘வாவ்... ஐ.டி-யா, பேங்க்கா?’’ என்றாள். அன்னிக்கு ‘ஆமா’ன்னும் சொல்லாம, ‘இல்லை’ன்னும் சொல்லாம சிரிச்சு மழுப்பினேன் பாருங்க... அந்தச் சிரிப்பு இன்னும் உறுத்துது.

1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்று இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்தார்கள். அவங்க திரும்பி வந்து பத்தவெச்ச குச்சிதான் இன்னிக்கு ஊரே ‘குட்டி ஜப்பான்’ ஆகி நிக்கிறதுக்கு ஆரம்பம். தீப்பெட்டிக்கு லேபிள் வேணுமே? அச்சுத் தொழில் வந்துச்சு. தீப்பெட்டி மருந்து பழகின கைகளுக்குப் பட்டாசு மருந்தும் பழகிருச்சு. அந்த அச்சகங்களிலிருந்துதான் பிற்பாடு சினிமா போஸ்டர், டைரி, நோட்டு, தினசரி காலண்டர் எல்லாம் கிளம்பின. இப்பவும் ஒவ்வொரு வருஷமும் ஆடி 18 அன்னிக்கு அடுத்த வருஷ காலண்டருக்கான ஆல்பத்தை சிவகாசியில் வெளியிடுவாங்க. ஊரெல்லாம் ஆடிப்பெருக்குக்குக் கலந்த சாதம் கட்டிக்கிட்டிருக்கும்போது, எங்களுக்கு அடுத்த ஜனவரியே பொறந்துரும்!

இது எல்லாத்துக்கும் அடியில் இருக்கிற மூலதனம், வெயில். மானாவாரிக் கரிசல் பூமி. மழை எப்போ வரும்னு தெரியாது. விவசாயத்தை நம்பி உட்கார முடியாது. ஆனா அதே காய்ச்சல்தான் திரி காய, மருந்து காய, ஒட்டின பெட்டி காய உதவுது. வெள்ளாமைக்கு எதிரி, பட்டாசுக்கு முதலாளி!

எங்க வீட்டில் இதை வெச்சு தினமும் ஒரு காமெடி ஓடும். தாத்தா விவசாயி. அம்மா பட்டாசு. கருமேகம் கூடினால் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து சிரிப்பார். அம்மா, ‘‘இன்னிக்கு அரை நாளோட அனுப்பிருவாகளே’’ என்று வானத்தைத் திட்டுவார். ஒரே கூரைக்குக் கீழ, ஒரே மேகத்துக்கு ரெண்டு ரியாக்‌ஷன். நான் நடுவில் மாட்டிக்கிட்ட அம்பயர்!

‘தொடரும்’ போட்ட பேப்பர்கள்

எனக்குப் புத்தகப் பைத்தியம் எப்படிப் பிடிச்சதுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. பட்டாசால் பிடிச்சது!

வெடிக்கான காகிதக் குழாயை எங்க பக்கம் வீடுகளில் வைத்தும் உருட்டுவார்கள். மருந்து கிடையாது, வெறும் பேப்பர்தான். அதனால் பயமில்லை. எடைக்கு வாங்கின பழைய பேப்பர் கட்டுக் கட்டாக வீட்டுக்கு வரும். பழைய பத்திரிகை, பரீட்சைப் பேப்பர், யாரோ பிரித்துப் போட்ட நாவல், அச்சகத்தில் கலர் பிசகிப் போன சாமி படம்... எல்லாம் கலந்து கிடக்கும். ஆச்சி உருட்டுவதற்குள் நான் புகுந்து, கதை இருக்கிற பக்கமாகப் பார்த்து உருவிக்கொள்வேன். ‘‘அடியேய், அது அரைக் குழாய்க்கான பேப்பருடி!’’ என்று ஆச்சி விரட்டும்.

என்ன பிரச்னைன்னா, முழுக் கதை கிடைக்கவே கிடைக்காது. ஹீரோயின் கிணத்துமேட்டில் நின்று அழுதுகொண்டிருப்பாள்... ‘தொடரும்’! அடுத்த வாரப் பக்கம் ஏற்கெனவே குழாயாகி, வெடியாகி, எந்த ஊர்த் தெருவிலோ தீபாவளிக்குச் சிதறியிருக்கும். முடிவை நானே யோசிச்சு வெச்சுக்குவேன். என் எழுத்து ஆசையின் முதல் வகுப்பு அதுதான்.

ஒன்பதாவது படிக்கும்போது ஸ்கூல் லைப்ரரியில் மேலாண்மை பொன்னுச்சாமியின் கதைகள் கிடைச்சது. எங்க மாவட்டத்து மேலாண்மறைநாடுதான் அவர் ஊர். அஞ்சாம் வகுப்புக்கு மேல் படிக்கலை. ஊரில் மளிகைக்கடை வைத்திருந்தார். அவருடைய ‘மின்சாரப்பூ’ தொகுப்புக்கு 2007-ல் சாகித்ய அகாடமி விருது கிடைச்சது. அந்தக் கதைகளில் எங்க தெருப் பேச்சு அப்படியே இருந்துச்சு. ‘அட, நாம பேசுறதையும் புத்தகத்துல போடுவாங்களா!’ன்னு வாயைப் பிளந்தேன். முதன்முறையா கடைசிப் பக்கம் கிழியாமல், முடிவோட படிச்ச கதைகளும் அவைதான்.

‘உங்க ஊர்ல வெடிக்குமே...’

காலேஜில் சேர்ந்த பிறகு ஒரு சனிக்கிழமை ராத்திரி, ரூம் ஃப்ரெண்ட்ஸ் எல்லோரையும் உட்காரவைத்து லேப்டாப்பில் ‘வெயில்’ போட்டேன். ‘எங்க ஊர்ப் படம்’ என்று ஏகத்துக்கும் பில்டப்! படம் பார்க்க ஸ்கூலுக்கு கட் அடித்த பையனை அப்பா வெயிலில் கட்டிப்போடுவார். அந்த அவமானம் தாங்காமல் வீட்டைவிட்டு ஓடும் பையன் ஒரு தியேட்டரில் புரொஜெக்டர் ரூமுக்குள் வளர்வான். பசுபதி தோற்றுப்போய் ஊருக்குத் திரும்பும்போது ரூமே கப்சிப். தமிழில் சிறந்த படத்துக்கான தேசிய விருது வாங்கிய படமாச்சே!

லைட்டைப் போட்டதும் ஒருத்தி கேட்டாள். ‘‘படம் செமடி. ஆனா உங்க ஊர்ல அடிக்கடி ஃபேக்டரி வெடிக்குமே... அது ஏன் இதுல வரலை?’’

அவள் தப்பாகக் கேட்கலை. அவளுக்கு எங்க ஊர் என்பது வருஷத்துக்கு நாலு முறை டி.வி-யின் அடியில் ஓடும் சிவப்புப் பட்டை. மத்த நாட்களில் நாங்க என்ன பண்றோம்னு அவளுக்குத் தெரிய வழியில்லை.

அதனால்தான் எனக்கு ‘பூ’ பிடிக்கும். பட்டாசு வேலைக்குப் போகிற மாரி, ஆசைப்பட்ட மச்சானை மனசுக்குள் வெச்சுக்கிட்டுத் திரிவாள். பார்வதிக்கு அதுதான் தமிழில் முதல் படம். எங்க பக்கத்துப் பொண்ணு ஒருத்தி காதலிக்கவும் செய்வாள், கேலி பேசுவாள், வம்பிழுப்பாள் என்று ஒரு படம் காட்டியதே பெரிய விஷயமாகத் தெரிஞ்சது.

அந்தப் பிள்ளைங்க இப்போ...

இன்னொரு படமும் இருக்கு. தியேட்டரில் ஓடாத படம். 1990-ல் சலம் பென்னூர்க்கர் எடுத்த ஆவணப்படம், ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’. தீப்பெட்டி, பட்டாசு ஆபீஸ்களுக்கு வேலைக்குப் போன சின்னப் பிள்ளைங்களைப் பற்றியது. அதே விஷயத்தைத் தொட்டு, ‘வெக்கை’ எழுதிய பூமணியே 90-களில் ‘கருவேலம்பூக்கள்’ என்ற படத்தை இயக்கினார். நாசரும் ராதிகாவும் நடித்தது.

காலேஜில் ஒரு சீனியர் அண்ணா இந்தப் படங்களைப் பற்றிப் பேசும்போது, ‘‘பாவம், அந்தப் பசங்கள்லாம் என்ன ஆனாங்களோ?’’ என்றார். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். 1990-ல் பத்து வயசு என்றால் இப்போ நாற்பத்தஞ்சு. அட... எங்கம்மா வயசு!

எங்கம்மா அப்போ தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிட்டு இருந்தார். நாலாம் வகுப்போடு சரி. விடியறதுக்கு முன்னாடி ஆபீஸ் பஸ் வருமாம். தூக்கத்திலேயே தூக்கு வாளியோடு ஏறுவார்களாம். ‘‘பஸ்ஸுல விட்ட தூக்கத்தைப் பிடிக்கிறதுக்குள்ள ஆபீஸ் வந்துரும்’’ என்று அம்மா இதைச் சிரிச்சுக்கிட்டேதான் சொல்வார். கேட்கிற எனக்குத்தான் சிரிப்பு வராது.

1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசி தொடர்பாக எம்.சி.மேத்தா போட்ட வழக்கில், 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், ஆபத்தான தொழில்களில் வேலைக்கு வைக்கப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. அப்போ அம்மாவுக்கு வயசு பதினாறு. சட்டம் அவரைத் தாண்டிப் போயிருச்சு. ஆனா எனக்கு வந்து சேர்ந்துருச்சு. இப்போ விடியக்காலையில் எங்க தெருவுக்குள்ள வர்றது ஸ்கூல் வேன். ‘அந்தப் பசங்க என்ன ஆனாங்க?’ என்ற அண்ணாவின் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கு. அவங்க பொண்ணு இன்ஜினீயரிங் மூணாவது வருஷம் படிக்கிறா. அவங்க இன்னும் ஆபீஸுக்குத்தான் போறாங்க.

பச்சையை எடுத்தா பசுமை!

சின்ன வயசில் எங்கம்மா வெள்ளி நிறத்தில் இருப்பார் என்றே நினைச்சிருந்தேன். அலுமினியப் பவுடர் பட்ட கை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் ரேகைக்குள்ள மினுமினுக்கும். சோறு ஊட்டும்போது நிலா ஊட்டுற மாதிரி இருக்கும்.

2018 அக்டோபர் 23-ம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. பேரியம் கூடாது, சரவெடி கூடாது, தீபாவளிக்கு ராத்திரி 8 மணியிலிருந்து 10 மணி வரை மட்டுமே வெடிக்கலாம். நான் அப்போ எட்டாவது. அம்மாவுக்கு அதுவரை சரம் பின்னுகிற வேலை. அந்த நவம்பரில் ஆலைகளை மூடியவர்கள், திறக்க மாசக்கணக்காச்சு. வீட்டில் இருந்த அம்மாவின் கை மெதுவா சாதாரணக் கை நிறத்துக்கு வந்துச்சு. ‘இப்போதான் அழகா இருக்கும்மா’ன்னு சொன்னேன். அம்மா பதிலே சொல்லலை. அந்த மாசம் மளிகைக்கடை நோட்டில் எங்க பக்கம் நிரம்பி, அடுத்த பக்கம் புரட்டினாங்க என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

மறுபடி ஆபீஸ் திறந்தப்போ, அம்மாவுக்குச் சரம் போய் பூச்சட்டி வேலை. டெல்லிக் காற்றுக்காகக் கோர்ட் கவலைப்பட்டது தப்பே இல்லை. இன்ஜினீயரிங் படிக்கிற எனக்கு அது புரியுது. பச்சைக் கலர் ஒளி தருவதே பேரியம்தான். அதை எடுத்துவிட்டு, புகையைக் குறைக்க நீரி ஆய்வு நிறுவனம் கொடுத்த ஃபார்முலாவில் செய்வதுதான் ‘பசுமைப் பட்டாசு’. பச்சையை எடுத்தாத்தான் பசுமையாம்... கெமிஸ்ட்ரிக்கும் காமெடி சென்ஸ் உண்டு!

முதல் வருஷக் கெமிஸ்ட்ரியில் நான் மனப்பாடம் பண்ணின ஆக்சிஜனேற்றி, எரிபொருள், உராய்வு எல்லாமே அம்மாவுக்கு அத்துப்படி. பேர் மட்டும்தான் தெரியாது. ‘‘நைலான் சேல கட்டிட்டு வரக் கூடாது. எதையும் தரதரன்னு இழுக்கக் கூடாது. மருந்தைப் பச்சப்புள்ள மாதிரி எடுத்து வெக்கணும்’’ என்பார். என் புரொஃபசர் ரெண்டு மணி நேரம் எடுத்த பாடம்!

‘எந்த ஆபீஸ்?’

இதுவரைக்கும் ஜாலியா எழுதிட்டேன். இனி வருவதை எழுதலாமா, வேண்டாமா என்று ரெண்டு நாள் யோசிச்சேன்.

எங்க ஊரில் தூரத்தில் ‘டொம்’ என்று கேட்டால், யாரும் ‘என்ன சத்தம்?’னு கேட்க மாட்டாங்க. ‘எந்த ஆபீஸ்?’ என்றுதான் கேட்பாங்க. 2012 செப்டம்பர் 5. எனக்கு ஏழு வயசு. ஆசிரியர் தினத்துக்காக மிஸ்ஸுக்கு ரோஜாப்பூ கொடுத்துட்டு உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் வெடித்தது. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். அதில் பலர் அங்கே வேலை பார்த்தவர்கள்கூட இல்லை. உதவி செய்ய, என்னாச்சுன்னு பார்க்க ஓடியவர்கள். அன்னிக்குத்தான் அந்தக் கேள்வியை நான் முதன்முதலா கேட்டேன்.

காலேஜ் ரெண்டாவது வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை. மெஸ்ஸில் சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போது டி.வி-யில் சிவப்புப் பட்டை ஓடுச்சு. ‘சிவகாசி அருகே பட்டாசு ஆலையில் வெடி விபத்து’. அவ்வளவுதான். ஆலை பேர் இல்லை, ஊர் பேர் இல்லை. அம்மாவுக்கு அடிச்சேன். சுவிட்ச் ஆஃப். ஆபீஸுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. அது பாதுகாப்புக்கான விதி, சரியான விதி. எனக்கு நல்லாவே தெரியும். ஆனா அன்னிக்கு அந்த விதியைச் சபிச்சேன். ஆச்சி போன் பிஸி. பக்கத்து வீட்டு அக்கா போன் பிஸி. ஊரே ஊருக்கு போன் பண்ணிட்டிருந்தது.

சின்ன வயசில் படிச்ச ‘தொடரும்’ எல்லாம் ஞாபகம் வந்துச்சு. முடிவு இருக்கிற பக்கம் மட்டும் என் கையில் இல்லை.

சாயங்காலம் 5.40-க்கு அம்மாவே கூப்பிட்டார். ‘‘ஏன்டி இத்தன மிஸ்டு காலு? சாப்ட்டியா?’’

அழுதேன். சிரிச்சேன். ‘அப்பாடா, நம்மம்மா இல்லை’ன்னு நெஞ்சு இறங்குச்சு. அடுத்த நொடியே ஒரு கேள்வி வந்து நின்னுச்சு. அப்படின்னா... யாரோட அம்மா?

அந்தக் கேள்விக்கு அம்மாதான் பதில் சொன்னார். முன்னாடி ஒண்ணா வேலை பார்த்த ஒரு அக்கா. அன்னிக்கு ராத்திரி அம்மா அந்த வீட்டுக்குப் போய்ட்டு வந்தார். மறுநாள் சனிக்கிழமை, சம்பளம் வாங்கினார். திங்கக்கிழமை தூக்கு வாளியோடு கிளம்பிட்டார். ‘‘போகாதம்மா’’ என்றேன் போனில். ‘‘உனக்கு இன்னும் நாலு செமஸ்டர் இருக்குல்ல’’ என்றார். அதுக்கு மேல பேச என்னிடம் வார்த்தை இல்லை. இன்னிக்கு வரைக்கும் இல்லை.

கிளைமாக்ஸ்

இந்தக் கட்டுரைக்காக வந்த நேரத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவை உட்காரவைத்து ‘பூ’ போட்டுக் காட்டினேன். விருதுநகரில் வாங்கி வந்த எண்ணெய் பரோட்டா ஒரு பக்கம், ஆச்சியின் கமென்ட்ரி ஒரு பக்கம். மாரி சிரிக்கும்போது அம்மா சிரித்தார். மாரி கலங்கும்போது முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நான் படத்தைவிட்டு அம்மா முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன். ஒரு மகா விமர்சனத்துக்காக நோட்டும் பேனாவுமா ரெடி!

படம் முடிஞ்சது.

‘‘எப்படிம்மா இருந்துச்சு?’’

‘‘நல்லாத்தான் இருக்கு. பாவம் அந்தப் புள்ள’’ என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். ‘‘ஆனா அதுக்குக் கூலி எம்புட்டுன்னு சொல்லவே இல்லையே!’’

ஆச்சி விழுந்து விழுந்து சிரிச்சது. நானும்தான். சிரிச்சு முடிச்சப்போ, என் லிஸ்ட்டில் இருந்த எல்லாப் படத்தையும் புத்தகத்தையும் இன்னொரு தடவை நினைச்சுப் பார்த்தேன். வெயில் இருக்கு, காதல் இருக்கு, சாவு இருக்கு. கோர்ட் தீர்ப்பில் பேரியம் இருக்கு. டி.வி. பட்டையில் எண்ணிக்கை இருக்கு. அம்மா தேடுற அந்த ஒரு நம்பர் மட்டும் எங்கேயும் என் கண்ணில் படலை. சனிக்கிழமை சாயங்காலம் கையில் வாங்கி, எண்ணிப் பார்த்து, முந்தானையில் முடிஞ்சு, அதில் பாதியை எனக்கு செமஸ்டர் ஃபீஸுக்குன்னு எடுத்துவைக்கிற அந்த நம்பர்.

‘‘சரி, நான் எழுதுறேன். உனக்குக் கூலி எம்புட்டுன்னு சொல்லு’’ என்று பேனாவைத் திறந்தேன்.

அம்மா பதறிட்டார். ‘‘அதெல்லாம் எழுதாத தாயி... ஊரு முழுக்கப் படிக்கும்!’’

அதனால் எழுதலை. ஆனா ஒண்ணு ஃப்ரெண்ட்ஸ், இந்தத் தீபாவளிக்குப் பூச்சட்டி கொளுத்துவீங்கல்ல... பொறி மேலே எழும்பிப் பூப்பூவாய் விழும்போது ஒரு செகண்ட் நில்லுங்க. மினுமினுக்கிற அந்த வெள்ளி நிறம் இருக்கே... அது எங்கம்மா கையில் இன்னும் இருக்கு!